நல்ல தோற்றம் அவசியம்

எங்கள் தெருமுனை மின்கம்பத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஜவுளிக்கடைக்குப் பெண்கள் தேவை, வயது 18 முதல் 25, அனுபவம் தேவையில்லை, நல்ல தோற்றம் அவசியம், தங்குமிடம் உணவு இலவசம். ஐப்பசி மழையில் ஊறி போன் நம்பரில் பாதி போய்விட்டது. 'நல்ல தோற்றம்' மட்டும் தடித்த எழுத்தில் அப்படியே நிற்கிறது.

அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன பொருள் என்று நோட்டீஸ் அடித்தவர் விளக்கவில்லை. விளக்கவும் வேண்டாம். கம்பத்துக்கு முன்னால் நின்று படிக்கிற எந்தப் பெண்ணும் அடுத்த விநாடி தன் கையைத்தான் திருப்பிப் பார்த்துக்கொள்வாள்.

மனித நிறத்தைச் சொல்வதில் நாம் படுகிற பாடு கொஞ்சமல்ல. கறுப்பு என்றால் திட்டு. சிவப்பு என்றால் அது சிவப்பே கிடையாது. இரண்டுக்கும் நடுவே 'மாநிறம்' என்று ஒரு பெரிய கூடை வைத்திருக்கிறோம். கல்யாணத் தரகர், காணாமல் போனவர் அறிவிப்பு எழுதும் போலீஸ்காரர், பெண்ணைப் பெற்றவர் எல்லோரும் அதில்தான் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அதிலும் அடங்காத பெண்ணுக்கு ஒரு சலுகை உண்டு: "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." அந்த 'இருந்தாலும்' இருக்கிறதே, அதில் வரும் 'உம்' இழிவு சிறப்பு உம்மை என்று இலக்கணம் படித்தவர்கள் சொல்வார்கள். இழிவு தெரிகிறது, சிறப்பு எங்கே என்றுதான் தெரியவில்லை. "செவப்பா இருந்தாலும் அறிவா இருக்கா" என்று எந்த அத்தையாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

1975-இல் கடைக்கு வந்த ஒரு க்ரீம் 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டது. ஃபேர் போனது, க்ளோ வந்தது. எங்கள் மளிகைக்கடையில் இன்றைக்கும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுக்கிறார்.

இந்த விஷயத்தில் அரசாங்கம் எவ்வளவோ மேல். பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'அங்க அடையாளங்கள்' என்று கேட்டு இரண்டு வரி விட்டிருப்பார்கள். நாங்கள் பத்தாம் வகுப்பு முடித்தபோது சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது காலில் ஒரு தழும்பு, அடுத்தவன் வா. எனக்கு இரண்டாவது மச்சம் கிடைக்கவில்லை. "ஒரு மச்சத்துக்கு வழியில்லையாடா உனக்கு?" என்று சலித்துக்கொண்ட வாத்தியார், கடைசியில் கழுத்தில் எறும்பு கடித்துத் தடித்திருந்த இடத்தை மச்சம் என்று எழுதிக்கொடுத்தார். இன்றுவரை அரசு ஆவணப்படி நான் அந்த எறும்புக்கடிதான். ஒரு ஆளைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட வர்ணனைகளில் மிக நாகரிகமானது இது என்றே நினைக்கிறேன். அதில் நிறம் இல்லை, களை இல்லை, 'இருந்தாலும்' இல்லை.

ஜவுளிக்கடைக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க இரண்டு வீட்டாரும் சேர்ந்து போனோம். நாங்கள் பெண் வீடு. பெரிய கடை, மூன்றாவது மாடி, பட்டு செக்‌ஷன். வெள்ளை விரிப்பில் எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். விரிப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், இருபது வயது இருக்கும். கடை யூனிஃபார்ம் சேலை, இரண்டு முழம் மல்லிகை, தோளில் வரிசையாக ஊக்கு. கட்டியிருந்த சிந்தெடிக் சேலையின் மேலேயே நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்ப் பட்டைச் சுற்றி, முந்தியை எடுத்துத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். அரக்கில் பச்சைக் கரை. எங்களுக்குப் பிடித்திருந்தது.

சம்பந்தி அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். "இந்தப் பொண்ணு கறுப்பு சார். கலர் எடுபடமாட்டேங்குது. கொஞ்சம் செவப்பா யாராச்சும் இருந்தா போட்டுக் காட்டச் சொல்லுங்களேன்."

கத்திரிக்காயில் புழு இருக்கிறது, வேறு எடு என்று சொல்வோமே, அந்தக் குரல். கோபம் கிடையாது, கேலி கிடையாது. சூப்பர்வைசரும் ஒரு நொடி தயங்கவில்லை. அடுத்த செக்‌ஷனைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அங்கிருந்து இன்னொரு பெண் ஓடிவந்தாள். முதல் பெண் முந்தியைத் தோளிலிருந்து இறக்கி, கொசுவத்தைப் பிரித்து, பட்டைத் தரையில் படாமல் அவளிடம் கொடுத்தாள். பிறகு ஒதுங்கி நின்று, விரித்துப் போட்டிருந்த மற்ற சேலைகளை மடிக்க ஆரம்பித்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எழுதினால் நான் பார்த்ததாகிவிடும். நான் பார்க்கவில்லை. காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேலையைக் கட்டிக்கொள்ளப்போகிற எங்கள் வீட்டுப் பெண் அந்தக் கடைப் பெண்ணைவிட ஒரு மாற்றுக் கறுப்பு. அவளும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலை அவளுக்கு எடுபட வேண்டும் என்பது அங்கே யாருடைய கவலையும் இல்லை. சேலை சேலைக்கு எடுபட வேண்டும்.

வெளியே வந்து ஷோகேஸில் நிற்கும் பொம்மைகளைப் பார்த்தேன். ஒன்றுகூட நம் ஊர் நிறம் இல்லை. ரோஜா நிறத்தில், நீல விழியோடு, காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு நிற்கின்றன. தி. நகர் முழுக்க நடந்து பாருங்கள். ஒரு கறுத்த பொம்மையைக் கண்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படி ஒரு கடையில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு வந்த பெண் ஒருத்தி எங்கள் ஊரில் இருக்கிறாள். காலையில் கடை திறக்குமுன் 'செக்கிங்' என்பாள். வரிசையில் நிற்க வேண்டும். பொட்டு இருக்கிறதா, பூ இருக்கிறதா, மடிப்புக்கு ஊக்கு குத்தியிருக்கிறதா, கையில் இரண்டு வளையலுக்கு மேல் இருக்கிறதா. பூ வைக்காவிட்டால் அபராதம். யூனிஃபார்ம் சேலைக்கு முதல் மாதச் சம்பளத்தில் பிடித்தம். ராத்திரி கடை மூடும்போது இன்னொரு செக்கிங். அது கைப்பையை. காலையில் அழகைச் சோதித்து உள்ளே விடுவார்கள், இரவில் திருட்டைச் சோதித்து வெளியே விடுவார்கள். நடுவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். "காலு வீங்கினா மெட்டி கழறாதுண்ணே, சோப்பு போட்டுத்தான் எடுப்போம்" என்றாள்.

2021-இல் இதற்குச் சட்டம் வந்தது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றார்கள். கேரளம் 2018-இலேயே செய்துவிட்டது. நமக்கு ஒரு ஸ்டூல் கிடைக்க சட்டம் பிறந்து 74 வருடம் ஆனது. சரி, வந்துவிட்டதே. முகூர்த்தப் பட்டு எடுத்த அன்றைக்கு அந்த மாடியிலும் ஸ்டூல் பார்த்தேன். சட்டம் சொன்னபடி சுவரோரம் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் சேலை வைக்கும் அட்டைப்பெட்டிகளை இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தார்கள். பெட்டிகளுக்கு உட்காரும் உரிமை கிடைத்துவிட்டது.

உடை விஷயத்தில் நம் சட்டமன்றத்துக்கு வேகம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். 2014 ஜூலை 11-ஆம் தேதி சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. வேட்டி கட்டிக்கொண்டு வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை வாசலிலேயே நிறுத்தினார்கள். மாநிலமே கொதித்தது. கொதிக்க வேண்டிய விஷயம்தான், நானும் கொதித்தேன். ஆகஸ்டில் சட்டம் தயார். வேட்டி கட்டி வந்தவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வேட்டிக்கு ஒரு மாதம், ஸ்டூலுக்கு 74 வருடம். வேட்டி கட்டியவர் யார், ஸ்டூல் கேட்டவள் யார் என்று பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

வேட்டிக்குத் தம்பி கைலி. இந்த ஊரில் மீன் விற்பவர், ஆட்டோ ஓட்டுபவர், லோடு இறக்குபவர் எல்லோருக்கும் தொழில் உடை அதுதான். ஒரு நாள் நீங்களும் கைலி கட்டிக்கொண்டு, கையில் அந்தச் சட்டத்தின் நகலோடு, ஏதாவது ஒரு கிளப் வாசலில் போய் நில்லுங்கள். தமிழ்ப் பண்பாட்டின் எல்லை எந்த அங்குலத்தில் முடிகிறது என்று காவலாளி கற்றுக்கொடுப்பார்.

2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு ஓர் உடை ஆணை வந்தது. பெண்கள் சேலை, அல்லது துப்பட்டாவோடு சுடிதார், சல்வார். அதுவும் கண்ணை உறுத்தாத நிறத்தில். ஆண்கள் பேன்ட் சட்டை, அல்லது வேட்டி. ஒரு கோப்பு ஏழு மாதம் ஒரே மேசையில் தூங்கினால் கண்ணை உறுத்தாது. எழுத்தர் ஒருவர் மஞ்சள் சுடிதார் போட்டால் உறுத்திவிடும் போலிருக்கிறது. 2024-இல் துணை முதல்வர் அரசு விழாவுக்கு டி-சர்ட் போட்டு வருகிறார் என்று ஒருவர் உயர் நீதிமன்றத்துக்கே போனார். ஆனால் எந்த அரசாணையும் இல்லாமல் இந்த மாநிலத்தில் அச்சுப்பிசகாமல் கடைப்பிடிக்கப்படும் ஒரு யூனிஃபார்ம் உண்டு: கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, பாக்கெட் வழியாக வெளியே தெரியும்படி தலைவர் படம். அதைப் போடாதவரை யாரும் செக்கிங் செய்வதில்லை. அவரே பயந்து போட்டுக்கொள்கிறார்.

தனியார் பொறியியல் கல்லூரிகளில் ஆசிரியைகளுக்கு ஓவர்கோட் என்று ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஐந்தரை மீட்டர் சேலை, அதன் மேல் முக்கால் உடம்புக்குக் கோட்டு. மின்விசிறி சுற்றினால் சுற்றும், இல்லாவிட்டால் இல்லை. எதற்கு என்று கேட்டால் மாணவர்களின் கவனம் சிதறக்கூடாதாம். வாக்குப் போடும் வயது வந்த பையன் தன் கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க நாலு வருட ஃபீஸ் போதவில்லை, அதற்கு எம்.டெக் படித்த ஒரு பெண்மணி சித்திரை மாதத்தில் கோட்டுக்குள் வேக வேண்டும். கோட்டுக்கும் அவரிடமே காசு.

அதே கல்லூரியின் விடுதிக்குப் போவோம். கேம்பஸ் இன்டர்வியூ. ஆறு பேருக்கு ஒரு டை. சாஃப்ட் ஸ்கில் சொல்லித்தர வந்தவர் டை இல்லாமல் வந்தால் உள்ளேயே விடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த டையின் முடிச்சை யாரும் அவிழ்ப்பதில்லை. போட்டவன் இரண்டு வருடம் முன்னால் பாஸாகிப் போன சீனியர். அவிழ்த்தால் திரும்பப் போடத் தெரிந்தவன் விடுதியில் கிடையாது. தளர்த்தித் தலை வழியாகக் கழற்றி அடுத்தவன் கழுத்தில் மாட்டுவார்கள். உள்ளே போனவன் வெளியே வரும்வரை அடுத்தவன் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பான். மாட்டை விற்று ஷூ வாங்கித் தந்த அப்பாவுக்கு அந்தக் கோலத்தில் ஒரு போட்டோ போகும். அவர் அதைக் கடையில் கொடுத்துப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுவார். அந்தப் போட்டோவைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில், வெளியே கத்திரி வெயிலும் உள்ளே நடுக்கும் குளிருமாக ஒரு கட்டடத்தைக் கட்டி, அதற்குள் இந்தப் பையனைக் கழுத்தை இறுக்கி உட்காரவைக்கிற முதலாளியை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. கோட்டுக்கு ஏற்ற சீதோஷ்ணம் ஊரில் இல்லை என்பதால் சீதோஷ்ணத்தை மின்சாரத்தில் தயாரிக்கிறார்கள். பக்கத்து நாற்காலிப் பெண் சால்வை போர்த்திக்கொண்டு கோடு எழுதுகிறாள்.

வக்கீல்களுக்குக் கோடையில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை. ஆனால் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அந்த விலக்கு கிடையாது. வெயில் கீழ்க்கோர்ட்டில்தான் அடிக்கும் என்று பார் கவுன்சிலுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒழுக்கம், கண்ணியம், பண்பாடு என்று இதற்கெல்லாம் பெயர் சொல்கிறவர்கள் ஒரு பழைய ஆணையைப் படித்துப் பார்க்கலாம். தென் திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டத்தை உள்ளிட்ட பகுதியில், நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859-இல் மகாராஜா இறங்கிவந்து மேலாடைக்கு அனுமதி கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது. மூடிக்கொள், ஆனால் அவளைப் போல மூடாதே. 1930-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள் ஆதிக்க சாதிக்காரர்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆணின் துணி முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் போகக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக்கூடாது. பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. குடை, செருப்பு கூடாது. எட்டில் ஏழு உடம்பைப் பற்றியது. மீதி ஒன்று, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள்.

அன்று பூ வைத்தால் அடி, இன்று பூ வைக்காவிட்டால் அபராதம். எதை உடுத்து, எதை உடுத்தாதே என்பது காலத்துக்குக் காலம் மாறும். யார் சொல்கிறார், யார் கேட்கிறார் என்பது மட்டும் மாறவில்லை. அந்த விடுதிப் பையனின் டையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வராததற்குக் காரணமும் இதுதான். அவன் பாட்டனுக்குச் சட்டையே தடையாக இருந்திருக்கலாம்.

எல்லாத் தொழிலுக்கும் உடை சொல்கிற நாம் ஒரே ஒரு தொழிலை மட்டும் சுதந்திரமாக விட்டிருக்கிறோம். போன மாசியில் எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டது. ஒப்பந்தக்காரர் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். ஒருவர் சட்டையையும் பேன்டையும் கழற்றி, அழகாக மடித்து, எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் வைத்தார். மேலே செல்போன். டவுசரோடு நின்று உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். காதுக்குப் பின்னால், விரல் இடுக்கில், தொப்புளில். பவுடர் பூசி வேலைக்குப் போகிற எவரும் அவ்வளவு கவனமாகப் பூசி நான் கண்டதில்லை. பிறகு மூடியை நெம்பி ஓரமாகத் தள்ளிவிட்டு இறங்கினார். "அந்தச் சட்டைய எடுத்துக் கேட்டுக்கு வெளிய வைக்கச் சொல்லுங்க" என்றது எதிர்வீட்டு மாடி.

2013-இலிருந்து இதற்கும் சட்டம் இருக்கிறது. பாதுகாப்பு இல்லாமல் ஆளைச் சாக்கடையில் இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். என்னென்ன பாதுகாப்பு உடை தர வேண்டும் என்று விதிகளில் நீளமான பட்டியலும் உண்டு. ஒரு தொழிலாளி உயிரோடு வீடு திரும்புவதற்கென்று இந்த நாட்டில் எழுதப்பட்ட அபூர்வமான உடை ஒழுங்கு அது. அதற்குத்தான் செக்கிங் கிடையாது. சாக்கடையில் இறந்தவர்கள் என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்குகளில், 1993-இலிருந்து பார்த்தால், தமிழ்நாடு முதலிடம். ஒரு சாவுக்குப் பத்து லட்சம் தரவேண்டும் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சம் ஆக்கியது. கையுறையும் முகமூடியும் பூட்ஸும் என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள்.

எங்கள் தெருவில் இறங்கியவர் ஏறி வந்துவிட்டார். குழாயடியில் நின்று இரண்டு குடம் ஊற்றிக் குளித்து, கேட்டுக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த சட்டையை உதறிப் போட்டு, பையிலிருந்து சீப்பை எடுத்து மூடிக்கிடந்த ஜன்னல் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொண்டு போனார். என்ன நிறம் என்று கேட்காதீர்கள், நான் கவனிக்கவில்லை.

தை பிறந்தால் கல்யாண சீசன். நீங்களும் பட்டு எடுக்க மூன்றாவது மாடிக்குப் போவீர்கள், காபி கொடுப்பார்கள். என்னைப் போல டம்ளரைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். எழுந்து சுவரோரம் போங்கள். ஸ்டூல் மேல் இருக்கிற அட்டைப்பெட்டிகளை எடுத்துக் கீழே வையுங்கள். "உட்காரும்மா, உட்கார்ந்துக்கிட்டே எடுத்துக் காட்டு, நாங்க பாத்துக்கிறோம்" என்று சூப்பர்வைசர் காதில் விழும்படி சொல்லுங்கள்.